பத்தாவது மூஸ் எங்கே?

அத்தியாயம் 6

"நாலு தொடையையும் தூக்கிட்டுப் போயிட்டான், அக்கா. நாக்கு, ஈரல், எதையும் விடல. கொம்பை மட்டும் போட்டுட்டுப் போயிருக்கான்," என்றார் ஹெட்லி பட்ஜெல்.

"பல்லு கட்டாத திருடனா இருப்பான். கொம்பு கடிக்க முடிஞ்சிருக்காது," என்றான் அம்புரோஸ்.

கெசியா பைக் சிரிக்கவில்லை. டின் பால் ஊற்றிய டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, சமையலறை மேசைமேல் கிடந்த மூஸ் மானின் கொம்பைப் பார்த்தார். அது மேசையின் இரண்டு விளிம்பையும் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. ஹெட்லியின் மனைவி டல்சி வேறு இடம் இல்லாமல் வெண்ணெய்க் கிண்ணத்தை அதன் நடுவே வைத்திருந்தார்.

ஸ்க்விட் முனைக்குச் சாலை கிடையாது. வாரத்துக்கு இரண்டு கப்பல், மீதி நாளெல்லாம் மூடுபனி. போலீஸ் வேண்டுமென்றால் கப்பலேறி வரவேண்டும். அவர்கள் வந்து சேர்வதற்குள் ஊர் தானாகவே சமாதானமாகிவிடும். அதனால் எங்கள் ஊரில் எது தொலைந்தாலும் கெசியாவிடம்தான் போவோம். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் இருந்தவர். யார் யாருக்கு எழுதினார்கள், யார் எழுதாமல் விட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர். அவருக்குப் பதினெட்டு வருடம் தபால் பை சுமந்தவன் அம்புரோஸ் ஸ்நூக். இருவரும் ஒரே நாளில் ஓய்வு பெற்று, மறுநாளே கெசியாவின் விறகுக் கொட்டகையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டுத் துப்பறிய உட்கார்ந்துவிட்டார்கள்.

இதுவரை ஆறு படகு, ஒரு ஆடு, பாதிரியாரின் பல்செட். எல்லாம் கிடைத்துவிட்டன. மூஸ் இதுதான் முதல் தடவை.

"எப்ப சுட்டே?" என்று கேட்டார் கெசியா.

ஹெட்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சனிக்கிழமை சாயங்காலம். காத்து வடமேற்கு. நான் நின்னேன், அது நின்னுச்சு. நான் மூச்சைப் பிடிச்சேன். ஒரே குண்டு. வெட்டி, எங்க வேட்டைக் கேபினுக்குப் பின்னால கம்புல தொங்கவிட்டோம். ஞாயித்துக்கிழமை காலைல பாத்தா வெறும் கம்பு."

"லைசென்ஸைக் காட்டு."

"அது... தங்கச்சிகிட்ட இருக்கு. ரெண்டு பேர் பேர்லயும் போட்ட லைசென்ஸ்."

"வேட்டைக்குப் போனது நீ. லைசென்ஸ் பிலோமினாகிட்டயா?"

"மறந்துட்டேன்க்கா."

"துப்பாக்கியையாவது எடுத்துட்டுப் போனீங்களா அண்ணே?" என்றான் அம்புரோஸ்.

டல்சி வேகமாகக் குறுக்கிட்டார். "கெசியாக்கா, எனக்கு மூஸ்கூட பெருசில்ல. நாளன்னைக்குக் கல்யாணம்! இந்த மனுஷன் தன் தங்கச்சியைத் திருடன் கையில புடிச்சுக் குடுக்க மாட்டேங்கறாரு. நீங்க முடிவு சொல்லுங்க. சிரில் எடுத்தாரா, எடுக்கலையா?"

விஷயம் இதுதான். எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு வெற்றிப் பலகை இருக்கிறது. அந்த வருடம் முதல் மூஸை ஊருக்குள் கொண்டுவந்தவரின் பெயரைச் சிவப்பு பெயின்டில் எழுதுவார்கள். ஒன்பது வருடமாக அதில் ஹெட்லி பட்ஜெல் பெயர்தான். பத்து வருடம் தொடர்ந்து வந்தால் சட்டம் போட்ட அவர் புகைப்படம் மண்டபச் சுவரில், ஆயுள் உள்ளவரை. ஆனால் திருடு போன மூஸ் கணக்கில் சேருமா? வேட்டைக் கமிட்டி மூன்று மணி நேரம் கூடிப் பேசியது. தலைவர் லியாண்டர் மாமாவுக்கு எண்பத்தொரு வயது. தீர்மானத்தை அவரே எழுதினார்: திருட்டு நிரூபணமானால் வேட்டை வெற்றி. நிரூபணமாகாவிட்டால் மூஸே இல்லை.

ஆக, ஹெட்லிக்குப் புகைப்படம் வேண்டுமென்றால் ஒரு திருடன் வேண்டும்.

திருடனை ஊரே கண்டுபிடித்துக் கொடுத்தது. சிரில் பிளாக்டனுக்கு இந்த வருடம் குலுக்கலில் லைசென்ஸ் விழவில்லை. ஆனால் அவர் வீட்டு ஃப்ரீசரில் மூடி மூட முடியாத அளவுக்கு மூஸ் இறைச்சி. ரொட்டி இரவல் வாங்கப்போன பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஐம்பத்தெட்டு வயதில் சிரிலுக்கு முதல் கல்யாணம். மணப்பெண் ஹெட்லியின் தங்கை பிலோமினா, கணவனை இழந்து பன்னிரண்டு வருடம் ஆனவர். கல்யாண உடுப்பு தைக்க செயின்ட் ஜான்ஸ் நகரத்துக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மதியக் கப்பலில் திரும்புகிறார்.

கெசியா எழுந்தார். போகிற போக்கில் சுவரில் தொங்கிய பெரிய நாள்காட்டியின் முன் நின்றார்.

"டல்சி, இது போன வருஷத்துக் காலண்டர்."

"ஆமாக்கா, போன வாரம் இவர்தான் மாட்டினாரு. படம் நல்லாருக்குன்னு."

படத்தில் ஒரு டிராக்டர் இருந்தது. ஹெட்லி ஜன்னல் வழியே கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் அம்புரோஸ் கேட்டான். "காலண்டர்ல என்னக்கா?"

"பழைய காலண்டரைப் புதுசா மாட்டினா, அது நாள் பாக்க இல்ல. ஓரத்தைப் பாத்தியா? காலண்டருக்கு வெளியே ரெண்டு பக்கமும் சுவர்த்தாள் அங்கங்க வெளுக்காம புதுசா இருக்கு. விரல் விரலா."

"கொம்பு மாதிரி."

"கொம்பேதான்."

*

சிரில் பிளாக்டன் வாசலில் நின்று கல்யாணச் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் கேட்காமலே போய் ஃப்ரீசரைத் திறந்தார். கைவிலங்குக்குக் கையை நீட்டுகிற மாதிரி இருந்தது அது.

"பாத்துக்கங்கக்கா. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"எங்கேருந்து வந்துச்சு சிரில்?"

"சொல்ல முடியாது."

"ஊரே உன்னைத் திருடன்னு சொல்லுது."

"சொல்லட்டும்."

"அண்ணே, நாளைக்குள்ள நீங்க வாயத் திறக்கலன்னா கல்யாணம் நின்னுடும்," என்றான் அம்புரோஸ். "ஐம்பத்தெட்டு வருஷம் காத்திருந்தீங்க. இன்னும் ஐம்பத்தெட்டு உங்களுக்குக் கிடையாது."

சிரில் பாலிஷ் துணியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "ஒருத்தங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார்.

கெசியா ஃப்ரீசரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பழுப்புத் தாள், நூல் கட்டு, மேலே பென்சிலில் 'குழம்புக்கு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'வறுக்க'. மூக்குக் கண்ணாடியை இறக்கி அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருந்த இடத்திலேயே திருப்பி வைத்து மூடியை அழுத்தினார். மூடவில்லை. அம்புரோஸ் ஏறி அதன்மேல் உட்கார்ந்தான், அப்போதுதான் மூடியது.

"எடுத்தது இவரு இல்ல, அப்படித்தானே?" என்று திரும்பும்போது கேட்டான்.

"திருடின இறைச்சியை யாராவது 'குழம்புக்கு', 'வறுக்க'ன்னு பிரிச்சு நூல் கட்டி வைப்பானா? நாளைக்கு வா, ஆதாரத்தை ஒழுங்கா அடுக்கி வச்சிருக்கேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"என் வீட்டுக்காரி வைப்பா. திருடினாக்கூட லேபிள் ஒட்டுவா."

"வண்டியை எடு. கேபினுக்குப் போறோம்."

*

மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி உட்காரும் நாலு சக்கர வண்டிகள் இரண்டு சதுப்பு நிலத்தைத் தாண்டி ஏறின. முன்னால் ஹெட்லி. அவருக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அவருடைய வேட்டைக் கூட்டாளிகள் கார்லண்டும் எல்டனும். இருவரும் ஹெட்லி வயதுக்காரர்கள். பின்வண்டியில் அம்புரோஸ் ஓட்ட, கெசியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூஸைச் சுட்ட இடம் என்று ஹெட்லி ஒரு குளக்கரையைக் காட்டினார். கெசியா இறங்கி வானத்தைப் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார், இடதுபக்கம் பார்த்தார்.

"என்னக்கா தேடறீங்க?"

"காக்கா."

"ஒண்ணுகூட இல்லியே."

"அதான். ஒரு மூஸை வெட்டிக் குடலைப் போட்டா, இந்த மலைல இருக்கற அத்தனை அண்டங்காக்காயும் ஒரு வாரம் இங்கதான் குடியிருக்கும். கல்யாண வீடு மாதிரி சத்தம் இருக்கும். இங்க தரைல ரத்தப் பொட்டுகூடக் கிடையாது."

"திருடன் குடலையும் எடுத்துட்டுப் போயிட்டான்," என்றார் ஹெட்லி.

"ரத்தத்தையும் துடைச்சுட்டா?" என்றான் அம்புரோஸ். "எவ்வளவு சுத்தக்காரன். எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க அண்ணே, அடுப்படி கொஞ்சம் கழுவணும்."

கெசியா கார்லண்டைத் தனியே கூப்பிட்டார். "நடந்ததைச் சொல்லு."

கார்லண்ட் கண்ணை மூடிக்கொண்டார். "சனிக்கிழமை சாயங்காலம். காத்து வடமேற்கு. நான் நின்னேன், அது நின்னுச்சு. நான் மூச்சைப் பிடிச்சேன். ஒரே குண்டு."

"நீயா சுட்டே?"

கார்லண்ட் கண்ணைத் திறந்தார். "ஹெட்லிதான்."

"மூச்சைப் பிடிச்சது?"

"அதுவும் ஹெட்லிதான்... நினைக்கறேன்."

எல்டன் முறை வந்தது. "சனிக்கிழமை சாயங்காலம். காத்து வடமேற்கு. நான் நின்னேன்..."

"போதும். விழும்போது தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

எல்டன் ஹெட்லியைப் பார்த்தார். ஹெட்லி எதிரே இருந்த மரத்தைப் பார்த்தார். "மலைப்பக்கம்," என்றார் எல்டன். அதே நேரத்தில் கார்லண்ட் "குளத்துப்பக்கம்" என்றார்.

"ஹெட்லி?"

"நேரா கீழக்கா."

கேபினுக்குள் நுழைந்ததும் அம்புரோஸ் தொப்பியைக் கழற்றிவிட்டான். மரியாதையால் அல்ல, திகைப்பால். வேட்டைக்காரர் கேபின் சுவரில் கொம்போ தோலோ தொங்கும். இங்கே ஒன்பது படங்கள் சட்டத்துக்குள் தொங்கின. கலங்கரை விளக்கம். கூடையில் பூனைக்குட்டிகள். பனிமலை. எல்லாம் ஆயிரக்கணக்கான அட்டைத் துண்டுகளை ஒன்றொன்றாகப் பொருத்திச் சேர்த்து, பசை தடவி மாட்டிய படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பித்தளைத் தகட்டில் வருடம்.

நடுமேசையில் பத்தாவது படம் பாதியில் கிடந்தது. ஒரு காற்றாலை, இறக்கை இல்லாமல்.

கெசியா மூலையில் சாத்தியிருந்த ஹெட்லியின் துப்பாக்கியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குழல் வாயில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலை. நடுவில் ஒரு சிலந்தி, வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி மெல்ல நகர்ந்து வழிவிட்டது.

"ஒரே குண்டு," என்றான் அம்புரோஸ். "சிலந்திக்குக் காது கேக்காது போல."

எல்டன்தான் முதலில் உடைந்தார். பூனைக்குட்டிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்ததைக் காட்டினார். நீல வானம், அதன் கீழே மெல்லிய கோடாகக் கடல்.

"அது ரெண்டாயிரம் துண்டு, அக்கா. வானம் மட்டுமே ஆயிரத்து நானூறு. எல்லாம் ஒரே நீலம். அந்த வருஷம் ரொம்பக் கஷ்டமான வேட்டை."

"பத்து வருஷமா ஒரு மூஸ்கூடச் சுடலையா?"

"எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும்," என்றார் கார்லண்ட். "எல்டனுக்குக் கிட்டப்பார்வை. ஒருதடவை எங்க தண்ணி டேங்கைச் சுட்டுட்டான்."

"ஹெட்லி, நீ?"

ஹெட்லி ஒரு துண்டை எடுத்துக் காற்றாலையில் பொருத்தப் பார்த்தார். பொருந்தவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பத்து வருஷம் முன்னாடி, அப்பா செத்த வருஷம். முப்பதடி தூரத்துல வந்து நின்னுச்சு. குறிவச்சுட்டேன். அது என்னைப் பாத்துச்சு. பாத்துட்டு... இருமுச்சு."

"இருமுச்சா?"

"எங்கப்பா காலைல எழுந்ததும் இருமுவாரே, உங்களுக்குத் தெரியுமே. அதே இருமல். ரெண்டு தடவை. நிறுத்தி, இன்னொரு தடவை. நான் துப்பாக்கியைக் கீழ வச்சுட்டேன்க்கா. அதுக்கப்புறம் எடுக்க முடியல."

கெசியா அம்புரோஸைத் திரும்பிப் பார்த்தார், ஏதாவது சொல்லப் போகிறானோ என்று. அவன் தலையை ஆட்டினான். "இதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லக்கா," என்றான் மெல்ல.

"சரி," என்றார் கெசியா. "நீ சுடல. ஆனா ஒன்பது வருஷம் மூஸ் ஊருக்குள்ள வந்துச்சு. நானும் சாப்பிட்டிருக்கேன்."

"அதை நான் சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"இந்த ஊர்ல எல்லாரும் யாருக்காவது வாக்குக் குடுத்திருக்காங்க," என்றான் அம்புரோஸ்.

"சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்," என்றார் கெசியா. "இதுக்கு மட்டும் பதில் சொல்லு. சிரில் பேரை நீயா சொன்னே?"

"நான் சொல்லலக்கா. ஊர் சொல்லுச்சு."

"நீ?"

ஹெட்லியின் குரல் இறங்கியது. "நான் மறுக்கல."

கெசியா கைப்பையை மூடினார். "நாளைக்கு மத்தியானம் கப்பல் கட்டற வரைக்கும் உனக்கு நேரம் இருக்கு ஹெட்லி. நீ சொன்னா அது மன்னிப்பு. நான் சொன்னா அது கேஸ்."

இறங்குகிற வழியில் அம்புரோஸால் பொறுக்க முடியவில்லை. "யாருக்கா அது? எல்லா மூஸையும் சுட்டது?"

"மூஸ் சுட்டா அதோட வயசு பாக்கறதுக்குத் தாடை எலும்பை வனத்துறைக்குத் தபால்ல அனுப்புவாங்களே. ஹெட்லி வீட்டுப் பார்சலை நீதானே சுமந்தே?"

"ஒன்பது வருஷம்! அந்த நாத்தம் இன்னும் என் முதுகுல இருக்கு."

"அதை என் ஜன்னல்ல கொண்டு வந்து குடுத்தது யாரு? மேல விலாசம் எழுதினது யாரு? சிரில் வீட்டுப் பொட்டலத்துல இருந்த கையெழுத்துதான் அது."

வண்டி சதுப்பு நடுவில் தடாலென்று நின்றது. அம்புரோஸ் பிரேக்கை மிதித்தபடியே திரும்பி அவரைப் பார்த்தான்.

*

வெள்ளிக்கிழமை மதியம் படகுத்துறையில் ஊரே நின்றது. லியாண்டர் மாமா தீர்மானத் தாளுடன் ஒரு மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். கூட்டத்திலிருந்து தள்ளி, பெட்டி சுமக்க ஒரு கைவண்டியோடு சிரில் தனியே நின்றார். அவரைச் சுற்றிப் பத்தடிக்கு ஆள் இல்லை.

பிலோமினா இறங்கினார். ஐம்பத்து நாலு வயது, இறுகக் கட்டிய முக்காடு, கையில் உடுப்புப் பெட்டி. துறையில் இரண்டடி வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?"

கெசியா ஹெட்லியைப் பார்த்தார். ஹெட்லி நகரவில்லை. கப்பலின் கடைசிக் கயிறும் இழுபட்டது, கட்டையில் சுற்றப்பட்டது. கெசியா ஒரு அடி முன்னால் வைத்தார்.

"இருங்கக்கா," என்றார் ஹெட்லி. தொப்பியைக் கழற்றினார். "திருடன் யாரும் இல்ல. மூஸும் இல்ல. நான் எதையும் சுடல. அந்தக் கொம்பு என் வீட்டுச் சுவர்ல இருந்த பழைய கொம்பு."

"அதைப் பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்னு சொன்னீங்களே!" என்று டல்சி அலறினார்.

"போன ஒன்பது வருஷமும் நான் சுடல. எல்லாம் பிலோமினா சுட்டது. படகுல தனியா போவா, சுட்டு வெட்டி, யாருக்கும் தெரியாம எங்க கேபின்ல கொண்டு வந்து போடுவா. 'அண்ணே, நீ சுட்டதா இருக்கட்டும்'பா. இந்த வருஷம் தன் கல்யாண விருந்துக்குன்னு செப்டம்பர்லயே சுட்டுட்டா. சிரில் வீட்ல இருக்கறது அதுதான்."

பிலோமினா அண்ணனைப் பார்க்கவில்லை. சிரிலைச் சுற்றி இருந்த அந்தப் பத்தடி வெற்றிடத்தைப் பார்த்தார்.

"இவரைத் திருடன்னு சொன்னாங்களா?"

"மூணு நாளா," என்றான் அம்புரோஸ்.

"நீங்க ஏன் சொல்லல?" என்று சிரிலிடம் கேட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னியே," என்றார் சிரில். "நீ ஒன்பது வருஷம் வாய மூடிட்டு இருந்தே. என்னால மூணு நாள் முடியாதா?"

பிலோமினா இப்போது அண்ணனிடம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. "நான் உன் பேரைக் காப்பாத்தினேன். நீ இவர் பேரைப் போக விட்டுட்டு நின்னுருக்கே. நாளைக்கு என் கையைப் பிடிச்சு கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போக நீ வேண்டாம். லியாண்டர் மாமா வருவாரு."

ஹெட்லியின் முகம் விழுந்தது. லியாண்டர் மாமாவின் முகமும்தான். அவருக்கு முழங்கால் வலி.

பெரியவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்த வேட்டை தோல்வி. ஒன்பதும் தோல்வி. இனிமே இவங்க மூணு பேரும் அக்டோபர்ல கேபினுக்குப் போறதுல அர்த்தமே இல்ல."

"என்ன சொல்றீங்க மாமா?" டல்சி அவர் முன்னால் வந்து நின்றார். எல்டன் மனைவியும் கார்லண்ட் மனைவியும் பின்னாலேயே வந்தார்கள். "போகலன்னா? பத்து நாளும் இவங்க வீட்டுலயே இருப்பாங்களா?"

"ஆமா..."

"மாமா, வருஷத்துல எங்களுக்குன்னு இருக்கறதே அந்தப் பத்து நாள். மூஸ் இல்லாம எங்களால இருக்க முடியும். இவங்க வீட்டுல இருந்தா முடியாது!"

"பத்து நாளும் ஆள் போயிருந்து, பத்தாம் நாள் முழுசா திரும்பி வந்தா, எங்க கணக்குல அது வெற்றி," என்றார் எல்டனின் மனைவி. "முன்னாடியே திரும்பி வந்தாத்தான் தோல்வி."

பெண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். கமிட்டியில் பெண்கள் இல்லை என்று லியாண்டர் மாமா சொல்ல வாயெடுத்தார். தூக்கிய கைகளை எண்ணிப் பார்த்தார். எடுத்த வாயால் ஆமோதித்துவிட்டார்.

*

அன்று மாலை மண்டபத்தில் விருந்து மேசைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கெசியாவும் அம்புரோஸும் தட்டு துடைத்துக்கொண்டிருந்தபோது ஹெட்லி உள்ளே வந்தார். ஒரு கையில் வெள்ளை பெயின்ட், ஒரு கையில் சிவப்பு, கக்கத்தில் ஏணி. வெற்றிப் பலகையின் அடியில் ஏணியைச் சாய்த்தார். தரை வழவழப்பு, ஏணி நழுவப் பார்த்தது. பெஞ்சு நகர்த்திக்கொண்டிருந்த சிரில் வந்து அதைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஹெட்லி ஒன்பது தடவை தன் பெயரை வெள்ளையடித்தார். அது காய்வதற்காகக் காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு வரியிலும் பிலோமினா பெயரை எழுதினார். கையெழுத்து அவ்வளவு நன்றாக இல்லை. கடைசியாக இந்த வருடத்தையும் சேர்த்துப் பத்து.

"போட்டோ மாட்டினா உங்க தங்கச்சி சிரிக்கற மாதிரி ஒரு போட்டோ வேணும்," என்றான் அம்புரோஸ். "அவங்க சிரிச்சு நான் பாத்ததில்ல."

பிலோமினா வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"அஞ்சாவது தப்பு," என்றார்.

ஏணியில் இருந்த ஹெட்லி குனிந்து பார்த்தார். "எழுத்துப் பிழையா?"

"அந்த வருஷம் நான் சுடல. மூணு வாரம் அலைஞ்சேன். ஒரு குளம்படிகூடக் கிடைக்கல. நீ கேபின்ல காத்துட்டு இருப்பே, என்ன பண்றதுன்னு படகுத்துறைல உக்காந்து அழுதேன். இவர் அந்தப் பக்கமா தன் மூஸோட வந்தாரு. என்னன்னு கேட்டாரு. சொன்னேன். மறுபேச்சு இல்லாம நாலு தொடையையும் என் படகுல இறக்கிட்டாரு."

மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் அந்த வருடம் நினைவிருந்தது. வெறுங்கையோடு திரும்பியவர் என்று சிரிலை அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேலி செய்தோம். அவரை அதிகம் கேலி செய்தவர் ஹெட்லி.

"என்னன்னு கேக்கறதுக்கு எனக்கும் ஒரு ஆள் வேணும்னு அன்னைலேருந்துதான் தோணுச்சு," என்றார் பிலோமினா. "அதுவரைக்கும் தோணல."

கெசியா கையில் இருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தார். இது அவருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருடத் தபாலில் இது வரவே இல்லை.

ஹெட்லி ஏணியிலிருந்து கீழே பார்த்தார். சிரில் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, தன் பாலிஷ் போட்ட சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது நுனி சிவந்திருந்தது.

"சிரில்," என்றார் ஹெட்லி. இருமல் மாதிரி ஏதோ வந்தது. திரும்பி, வெள்ளை பெயின்டை எடுத்து ஐந்தாவது வரியை அழித்தார். காய்வதற்குக்கூடக் காத்திருக்காமல் அதன்மேல் சிவப்பில் எழுதினார்: சிரில் பிளாக்டன். ஈரத்தில் எழுத்து வழிந்து, மற்ற எல்லாப் பெயரையும்விடப் பெரிதாகத் தெரிந்தது.

கீழே இறங்கி நின்றவரின் முழங்கைவரை சிவப்பு. பிலோமினா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கு ரெண்டரைக்குக் கோயில் வாசல்ல நில்லு," என்றார். "லியாண்டர் மாமாவால அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கையைக் கழுவிட்டு வா."